பழைய அமெரிக்க இசைத்தாளில் (பாட்டின் இசைக்குறிப்பை அச்சிட்ட தாள்) 1854 என்று இருந்தால், அது அந்த ஆண்டு அச்சிட்டதுதானா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. அது காப்புரிமை பதிவான ஆண்டு மட்டுமே. அந்தக் காலத்தில் இசையை உலோகத் தகட்டில் செதுக்கி அச்சிட்டார்கள். நன்றாக விற்ற பாட்டின் தகட்டைப் பல ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்து, மறுபடி மறுபடி அச்சடித்தார்கள். அட்டையில் கடை முகவரி மாறும், உள்ளே 1854 அப்படியே இருக்கும்.

பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் லெவி தொகுப்பை இணையத்தில் திறந்து, அதே தலைப்பைத் தேடுங்கள். 29,000க்கும் மேற்பட்ட இசைத்தாள்கள் அங்கே உள்ளன. ஒரே பாட்டுக்கு இரண்டு மூன்று பதிப்புகள் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். பக்கத்தின் அடியில் சிறிதாக இருக்கும் தகட்டு எண்ணை முதலில் ஒப்பிடுங்கள். எண் ஒரேமாதிரி இருந்து, பதிப்பாளர் மட்டும் வேறு என்றால், தகடு கைமாறியிருக்கலாம். பிறகு தெரு முகவரியைப் பாருங்கள். அந்த ஊரின் பழைய முகவரிப் புத்தகத்தோடு வைத்துப் பார்த்தால், கடை அங்கே இருந்த ஆண்டுகள் தெரிந்துவிடும். அட்டையில் நட்சத்திரத்துக்குள் '2½' என்று இருக்கிறதா? அது விலை, 25 சென்ட்.

'மாவட்ட நீதிமன்ற எழுத்தர் அலுவலகத்தில் பதிவு' என்ற வாசகம் இருந்தால், பதிவு 1870க்கு முந்தையது. அதன் பிறகு காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) நூலகத்தின் பெயர் வரும்.

தாளின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பிற்கால மரக்கூழ்த் தாள்தான் சீக்கிரம் பழுத்து நொறுங்கும். முந்தைய கந்தல் துணித் தாள் இன்றும் வெளுப்பாக இருக்கும்.