தங்க எலக்ட்ரோடில் தயோல் அடுக்கு ஏன் சரியாகப் பிடிக்கவில்லை?

கேள்வி: பெங்களூரில் பொறியியல் கல்லூரி புராஜெக்ட். பிசிபி (மின்சுற்றுப் பலகை) தங்க எலக்ட்ரோடை டோடெக்கேன்தயோலில் (ஒரு முனையில் கந்தகமும் பின்னால் நீளமான கார்பன் வாலும் கொண்ட தயோல்) 1 மணி நேரம் ஊறவைத்தேன். நீரின் தொடுகோணம் (சொட்டின் ஓரம் பரப்போடு உண்டாக்கும் கோணம்) 90 டிகிரியைத் தாண்டவில்லை, ஃபெர்ரிசயனைடு பீக்கும் (தங்கம் மூடப்படாவிட்டால் அந்தக் கரைசலில் வரும் மின்னோட்ட முகடு) மறையவில்லை. தயோல் கெட்டுப்போயிருக்குமா?

பதில்: தயோலைவிட முதலில் உங்கள் தங்கத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பெங்களூரில் எஸ்.பி. ரோட்டுக் கடைகளிலோ பீன்யா தொழிற்பேட்டையிலோ கிடைக்கும் போர்டுகளில் பெரும்பாலும் 'எனிக்' பூச்சுதான் இருக்கும். செம்பின் மேல் 3 முதல் 6 மைக்ரான் நிக்கல், அதன் மேல் வெறும் 0.05 முதல் 0.1 மைக்ரான் தங்கம். அவ்வளவு மெல்லிய தங்கத்தில் நுண்துளைகள் இருக்கும், அடியிலுள்ள நிக்கல் அவற்றின் வழியே வெளியே தெரியும். காற்றுபட்ட நிக்கலில் ஆக்சைடு படிந்துவிடுவதால் கந்தகம் அங்கே தங்கத்தில் பிடிப்பது போலப் பிடிக்காது. எத்தனை நாள் ஊறவைத்தாலும் அந்த இடங்கள் ஓட்டைதான். சிலிக்கான் துண்டில் 5 நானோமீட்டர் குரோமியமும் அதன் மேல் 100 நானோமீட்டர் தங்கமும் ஆவிப்படிவு செய்த சிப்புக்கு மாறுங்கள். வெளிக் கல்லூரி மாணவர்கள் நானோ ஆய்வகக் கருவிகளைப் பயன்படுத்த ஐஐஎஸ்சியில் ஐஎன்யுபி என்ற திட்டம் உண்டு, விசாரித்துப் பாருங்கள்.

அடுத்தது நேரம். தயோலை விட்ட சில நிமிடங்களிலேயே 80, 90 சதவீதப் பரப்பு நிரம்பிவிடும். பலர் ஏமாறுவது இங்கேதான். ஆரம்பத்தில் மூலக்கூறுகள் பரப்போடு படுத்துக் கிடக்கும். மேலும் மேலும் வந்து நெருக்க நெருக்கத்தான் ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும். நின்றாலும் வால்கள் கோணல்மாணலாகத்தான் இருக்கும். கந்தகங்கள் இடம் மாறி மாறி சுமார் 0.5 நானோமீட்டர் இடைவெளியில் ஒழுங்காக அமர்ந்து, வால்கள் காற்றுக்கு ஒரே பக்கம் சாய்ந்த நாற்று மாதிரி 30 டிகிரி சாய்ந்து நிற்கப் பல மணி நேரம் ஆகும். உங்கள் 90 டிகிரி சொல்வது, வால்கள் இன்னும் கலைந்தே கிடக்கின்றன என்பதைத்தான். 18 முதல் 24 மணி நேரம் கொடுங்கள்.

1 மில்லிமோலார் கரைசலுக்கு 20 மில்லி எத்தனாலில் 4.8 மைக்ரோலிட்டர் டோடெக்கேன்தயோல் போதும். சுத்த எத்தனாலுக்கு எக்சைஸ் அனுமதி இல்லை என்று டீநேச்சர்டு ஸ்பிரிட்டை (குடிக்க முடியாதபடி வேறு பொருள் கலந்த எத்தனால்) எடுக்காதீர்கள். அதில் கலந்திருக்கும் பொருள்களும் தங்கத்துக்குப் போட்டி போடும். மூடியுள்ள கண்ணாடிக் குப்பியே வேண்டும், பிளாஸ்டிக் டப்பா கூடாது. வேலையை ஃபியூம் ஹூடுக்குள்ளேயே (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் அடைப்பு) வையுங்கள், நாற்றம் கட்டிடம் முழுக்கப் பரவும்.

ஊறவைக்கும் முன் சிப்பை யுவி-ஓசோனில் 15 நிமிடம் வைத்து, பிறகு எத்தனாலில் 20 நிமிடம் போடுங்கள். ஓசோன் உண்டாக்கிய தங்க ஆக்சைடு அதில் போய்விடும். ஓசோன் கருவி இல்லையென்றால், 0.5 மோலார் கந்தக அமிலத்தில் சில்வர்/சில்வர் குளோரைடுக்கு எதிராக 0 முதல் 1.5 வோல்ட் வரை வோல்டேஜைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கி, 0.9 வோல்ட் பக்கம் வரும் ரிடக்‌ஷன் பீக் (தங்க ஆக்சைடு மீண்டும் தங்கமாகும் முகடு) நிலையாகும்வரை ஓட்டுங்கள். சுத்தமான தங்கத்தில் விட்ட நீர்ச்சொட்டு தட்டையாகப் பரவும். அதே சிப் அரை மணி நேரம் காற்றில் கிடந்தால் சொட்டு உருண்டு எழும்பும், காற்றிலுள்ள கரிமப் பொருள்கள் அதற்குள் இடம்பிடித்திருக்கும். அதனால் சுத்தம் செய்த கையோடு தயோலில் இறக்கிவிட வேண்டும். பிரான்ஹா கரைசலை (அடர் கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்தது) பிசிபி மேல் ஒருபோதும் விடாதீர்கள். செம்பும் நிக்கலும் கரைந்துவிடும். மிச்ச எத்தனால் அதில் பட்டால் வெடிக்கும்.

எடுத்ததும் எத்தனாலில் நன்றாகக் கழுவி, நைட்ரஜனில் உலர்த்துங்கள். தொடுகோணம் 110 டிகிரியை ஒட்டி வர வேண்டும். ஃபெர்ரிசயனைடில் பீக் போய், பதிலுக்கு எஸ் வடிவில் ஏறித் தட்டையாகும் கோடு வந்தால் ஊசித்துளைகள் மிச்சமிருக்கின்றன என்று பொருள். ஒவ்வொரு துளையும் ஒரு குட்டி எலக்ட்ரோடாக வேலை செய்யும்.

அளவீட்டை அன்றைக்கே முடித்துவிடுங்கள். காற்றிலுள்ள ஓசோன் கந்தகத்தை சல்ஃபோனேட்டாக மாற்றும், அது தங்கத்தில் பலவீனமாகத்தான் ஒட்டியிருக்கும், கழுவினால் வந்துவிடும். வைத்தே ஆக வேண்டுமென்றால் நைட்ரஜன் நிரப்பிய குப்பியில், இருட்டில் வையுங்கள்.