வேலையிடத்தில் வரும் இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்றால் என்ன? அதிலிருந்து எப்படி மீள்வது?

தகுதியோடு வேலைக்கு வந்து, அதை நன்றாகச் செய்தும், "எனக்கு ஒன்றும் தெரியாது, என்றைக்காவது குட்டு வெளிப்பட்டுவிடும்" என்று உள்ளுக்குள் பயப்படுவதுதான் இது. 1978இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இதை விவரித்து எழுதினார்கள்.

நம் தடுமாற்றம் முழுவதும் நமக்குத் தெரியும். மற்றவர்களிடம் நாம் பார்ப்பது முடிந்த வேலையை மட்டும். தோவாளையில் மாலை கட்டுபவருக்கு நார் முடிச்சும் கிழிந்த இதழும் தெரியும், வாங்குபவர் பூவைத்தான் பார்ப்பார். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்தின் டெக்னோபார்க் ஐடி வளாகத்துக்கு வேலைக்குப் போய், ஆங்கிலம் சரளமாகப் பேசுபவர்கள் நடுவே உட்காரும் பிள்ளைகளுக்கு இது கூடுதலாகவே உறுத்தும்.

பயம் தணியாததற்கு ஒரு சுழற்சி காரணம். 3 மணி நேர அறிக்கைக்கு 8 மணி நேரம் உழைப்பார்கள். நன்றாக வந்ததும், "அவ்வளவு உழைத்ததால்தான்" என்பார்கள். திறமை கணக்கில் ஏறுவதே இல்லை. ஆகவே முதலில் நேரத்துக்கு வரம்பு வையுங்கள்: 4 மணி நேரம் ஆனதும் அனுப்பிவிடுங்கள். முதல் சில தடவை பதற்றமாகத்தான் இருக்கும்.

மேலாளரிடம் "சரியாகச் செய்கிறேனா?" என்று கேட்காதீர்கள், "பரவாயில்லை" என்ற பதிலை மனம் நம்பாது. "இதில் எந்த இரண்டு இடத்தை மாற்றணும்?" என்று கேளுங்கள். வெள்ளிக்கிழமைதோறும் 10 நிமிடம், செய்த வேலை, அதில் உங்கள் பங்கு, யாருக்குப் பயன்பட்டது என்று எழுதி வையுங்கள். பாராட்டினால் "நன்றி" போதும்.

இதைப் பலர் மனநோய் என்று நினைக்கிறார்கள், அப்படி இது வகைப்படுத்தப்படவில்லை. ஆனால் தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டால் அது வேறு விஷயம், டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணான 14416இல் தமிழிலேயே பேசலாம்.