தோட்டம் கேள்வி-பதில்: பெங்களூர் கத்திரிக்காய்க்கு எந்த ஊர் பூர்வீகம்?

கேள்வி: தமிழ்நாட்டில் சௌசௌவைப் 'பெங்களூர் கத்திரிக்காய்' என்கிறார்கள். இங்கே கன்னடத்தில் 'சீமெ பதனேகாயி'. உண்மையில் இது எந்த ஊர்க் காய்? விதை எங்கே வாங்கலாம்?
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: கன்னடப் பெயர்தான் சரி. சீமையிலிருந்து வந்த காய் இது. மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் இதன் தாயகம். பெங்களூரில் இதைப் பரப்பியவர் என்று ஜான் கேமரனைச் சொல்வார்கள். 1874 முதல் 1908 வரை பெங்களூரின் லால்பாக் தாவரவியல் பூங்காவைப் பார்த்துக்கொண்டவர் அவர். ஆனால் அந்த மண்ணில் உழைத்த கைகள் பல. தமிழ் நிலத்திலிருந்து வந்து குடியேறி, தோட்ட வேலையில் பேர் வாங்கிய திகளர் குடும்பங்களையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தக் கதை முழுமையாகும்.

விதை கேட்டு நர்சரிக்குப் போக வேண்டாம். காயை நீளவாக்கில் வெட்டிப் பாருங்கள்: நடுவில் தட்டையாக, வெள்ளையாக ஒரே ஒரு விதை. அதற்குக் கெட்டியான ஓடு இல்லாததால், பிரித்தெடுத்தால் சீக்கிரம் காய்ந்து செத்துவிடும். அது முளைப்பதும் காய்க்குள்ளேயேதான். ஆகவே முழுக் காயே விதை. முற்றிய காயைச் சமையலறையில் நிழலான மூலையில் இரண்டு மூன்று வாரம் வையுங்கள். அகன்ற முனை பிளந்து முளை நீட்டும். நாலு விரல் நீளம் வந்ததும், மூன்றில் ஒரு பங்கு வெளியே தெரியும்படி சாய்த்து நடுங்கள். முழுக்கப் புதைத்துத் தண்ணீர் விட்டால் காய் அழுகி, முளையும் போய்விடும். ஆண் பூ, பெண் பூ இரண்டும் ஒரே கொடியில் வருவதால் ஒரு கொடி போதும். ஆளுயரத்துக்குப் பந்தல் வேண்டும். கடும் வெயில் அடித்தால் பூ உதிரும். பெங்களூரிலும் கொடைக்கானல் மலையிலும் இது நன்றாக வருவதற்கு அங்குள்ள குளிர்ச்சிதான் காரணம்.

கேள்வி: காயாக அனுப்ப முடியாத செடிகள் மாதக்கணக்கான கப்பல் பயணத்தில் எப்படிப் பிழைத்தன?
- வாசகர், ஜெயநகர், பெங்களூரு

பதில்: பெரும்பாலும் பிழைக்கவில்லை. சீனாவிலிருந்து லண்டன் போன செடிகளில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் தேறியது என்று 1819-இல் ஒரு கணக்குச் சொன்னார்கள். மேல்தளத்தில் வைத்தால் உப்புச் சாரல் இலையைக் கருக்கும், கீழ்த்தளத்தில் வைத்தால் வெளிச்சம் கிடையாது. குடிநீரே அளந்து கொடுக்கும் கப்பலில் செடிக்கு யார் ஊற்றுவார்கள்?

இதை மாற்றியது ஒரு கண்ணாடிப் பெட்டி. லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு, 1829-இல் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு மூடிய பாட்டிலில் வைத்தார். அந்த மண்ணில் தானாகப் பெரணி முளைத்தது. அதே முறையில் கண்ணாடிப் பெட்டி செய்து, 1833-இல் இரண்டு பெட்டிச் செடிகளைச் சிட்னிக்கு அனுப்பினார், நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தன. முன்பு இருபதில் பத்தொன்பது செடி சாகும், இப்போது பத்தொன்பது பிழைக்கிறது என்றார் லண்டன் நர்சரிக்காரர் ஒருவர்.

பெட்டி இப்படி இருக்கும்: கனமான மரத்தில் அடிப்பகுதி, அதன்மேல் வீட்டுக்கூரை போல இருபக்கமும் சரிந்த கண்ணாடி, கண்ணாடி உடையாமலிருக்க மேலே கம்பி வலை அல்லது மரச்சட்டம். மண்ணில் செடியை நட்டு, கப்பல் ஆட்டத்தில் மண் புரளாதபடி குறுக்கே சட்டம் அடிப்பார்கள். நன்றாகத் தண்ணீர் ஊற்றி, மிச்சத்தை வடித்து, சில நாள் செடி வேர்பிடித்த பிறகுதான் மூடுவார்கள். இலை விடும் ஈரம் கண்ணாடியில் முத்து முத்தாகப் படிந்து திரும்ப மண்ணுக்கே இறங்கும். காற்றே புகாத பெட்டி என்று பலர் எழுதுவது சரியல்ல. இடுக்கு வழியே கொஞ்சம் காற்று போய்வரும், வார்டே அதைச் சொல்லியிருக்கிறார்.

கெட்டுப்போவதற்குக் காரணங்கள் இரண்டு மூன்றுதான். கண்ணாடி உடைந்தால் உப்பு உள்ளே புகும். பெட்டியை இருட்டில் தள்ளினால் செடி வெளிறிச் சாகும். தண்ணீர் மிகுந்தால் பூஞ்சை பிடிக்கும். வீட்டில் ஊறுகாய் ஜாடியில் பெரணி வைத்துப் பார்த்தால் இது புரியும். ஜாடியின் உட்புறம் காலையில் மட்டும் பனித்தால் தண்ணீர் அளவு சரி. நாள் முழுக்கப் பனித்திருந்தால் மூடியைச் சில மணி நேரம் திறந்து வையுங்கள். பனிக்கவே இல்லையென்றால் இரண்டு ஸ்பூன் தண்ணீர். நேர் வெயிலில் மட்டும் வைக்காதீர்கள், செடி வெந்துவிடும்.

ரப்பர் ஆசியாவுக்கு வந்ததும் இப்படித்தான். 1876-இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்காம் சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். எண்ணெய்ச்சத்துள்ள விதை சீக்கிரம் உயிர்விடும் என்பதால் முளைத்தது 2,700 போலத்தான். அவற்றில் 1,900 கன்றுகள் வரை 38 பெட்டிகளில் இலங்கைக்குப் போயின.

கேள்வி: சிவன் கோயில் நாகலிங்க மரமும் வெளிநாட்டு மரமா?
- வாசகி, மல்லேஸ்வரம், பெங்களூரு

பதில்: ஆம், தென் அமெரிக்க மரம். பூவின் நடுவே லிங்கமும் மேலே படமெடுத்த நாகமும் தெரிவதால் நம் மக்கள் சிவனுக்கு உரியதாக்கிக்கொண்டார்கள். எங்கிருந்து வந்தது என்பதால் அந்தப் பக்தி ஒரு துளியும் குறையாது.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து வரும் மகளிடம் தொட்டியோடு ஒரு செடி கொண்டுவரச் சொல்லலாமா?
- வாசகர், சிவாஜி நகர், பெங்களூரு

பதில்: வேண்டாம். இறக்குமதி அனுமதியும், அந்த நாடு தரும் தாவர நலச் சான்றும் இல்லாமல் நடவுச் செடி கொண்டுவரக் கூடாது. மண்ணுக்குத் தடையே உண்டு. வார்டின் பெட்டி செடியை மட்டும் சுமக்கவில்லை. மண்ணில் புழு, பூச்சி, பூஞ்சை எல்லாம் சேர்ந்தே பயணித்தன. வேரைக் கழுவினாலும் போதாது, சில நோய்கள் இலையில் ஒட்டிவரும். காபி இலைத்துரு என்ற பூஞ்சை நோய் 1869-இல் இலங்கையில் தெரியவந்தது. இருபது ஆண்டுக்குள் காபித் தோட்டங்கள் பெரும்பாலும் தேயிலையாக மாறின. பந்திப்பூர்க் காட்டை இன்று மூடிக்கிடக்கும் உன்னிச்செடியும் ஒரு காலத்தில் அழகுக்காக வந்ததுதான்.

உள்ளூர் நர்சரிச் செடியானாலும் மூன்று வாரம் மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். வாரம் ஒருமுறை இலையைத் திருப்பி, அடிப்பக்கத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். ஆரஞ்சுப் பொடி ஒட்டினால் துரு நோய். வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் மாவுப்பூச்சி.