வாசலில் பைப் போகும்போது தாங்கி எதற்கு? மலைநாட்டில் கட்டுபவர்களுக்கான தீயணைப்புத் தண்ணீர் கேள்வி பதில்

புதிதாகக் கட்டுபவர்கள் ஹைட்ரன்ட் (தீயணைப்பு ஹோஸ் மாட்டும் தண்ணீர் வாய்), தாங்கி, பம்ப் பற்றிக் கேட்டிருந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். உங்கள் கட்டடத்துக்கு எத்தனை ஹைட்ரன்ட், எத்தனை லீட்டர் என்பதைத் தீயணைப்புப் பிரிவு தரும் பரிந்துரைக் கடிதம்தான் முடிவு செய்யும், நான் போடும் எண்கள் கணக்கு புரிவதற்காக மட்டும்.

அட்டன்: கீழே கடை, மேலே தங்கும் அறைகள், மூன்று மாடி. வாசலிலேயே மெயின் பைப் போகிறது. பெரிய தாங்கி கட்டச் சொல்கிறார்களே அண்ணே, வீண் செலவுதானே?

இல்லை தம்பி. அரை அங்குல இணைப்பில் நிமிடத்துக்கு 20 லீட்டர் வந்தாலே நல்ல வரத்து. தீயணைப்புக்காரர் பிடிக்கும் பெரிய ஹோஸ் ஒன்றே நிமிடத்துக்குச் சில நூறு லீட்டர் குடிக்கும். இரண்டு ஹோஸ், ஒவ்வொன்றுக்கும் நிமிடத்துக்கு 500 லீட்டர், 45 நிமிடம் என்று போட்டுப் பாருங்கள், 45,000 லீட்டர் வரும். உங்கள் இணைப்பில் அதை நிரப்ப ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். தீ அதுவரை காத்திருக்காது, அதனால்தான் முன்கூட்டியே சேர்த்து வைக்கச் சொல்கிறார்கள்.

மெயினிலேயே ஹைட்ரன்ட் போட்டுத் தருவார்களா என்றும் கேட்டிருந்தீர்கள். பைப்பின் விட்டமும் அழுத்தமும் இடம் கொடுத்தால் நீர் வழங்கல் சபையிடம் கேட்கலாம். ஆனால் பெப்ரவரி, மார்ச்சில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிற லைன் என்றால், மூடியிருக்கும் நேரத்தில் அந்த ஹைட்ரன்ட் வெறும் சிவப்பு இரும்புதான்.

பண்டாரவளை: சரிவில் ஹோட்டல், மூன்று பிளாக். தாங்கி உச்சியில் இருப்பதால் பம்ப் வேண்டாம் என்கிறார் கொந்தராத்துக்காரர். சரியா?

பாதி சரி. 10 மீட்டர் இறக்கத்துக்கு ஏறத்தாழ 1 பார் அழுத்தம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அனுப்பிய பிளானில் அடிப் பிளாக் தாங்கிக்கு 70 மீட்டர் கீழே இருக்கிறது, அங்கே 7 பார் கிடைக்கும், பம்ப் தேவையில்லை. ஆனால் வரவேற்பறை உள்ள மேல் பிளாக் தாங்கிக்கு வெறும் 6 மீட்டர்தான் கீழே. 0.6 பாரில் ஹோஸ் ரீலை (சுவரில் சுற்றி மாட்டியிருக்கும் தீயணைப்பு ஹோஸ்) திறந்தால் பூச்செடிக்கு ஊற்றுகிற மாதிரி வடியும். அந்தப் பிளாக்குக்குப் பம்ப் கட்டாயம் வேண்டும். இதெல்லாம் தண்ணீர் நிற்கும்போது உள்ள அழுத்தம். ஓடத் தொடங்கினால் உராய்வில் இன்னும் குறையும், அதனால் பைப்பை மெலிதாக்கிக் காசு மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

எதிர்ப்பக்கச் சிக்கலும் இருக்கிறது. டைப் 1000 பிவிசி பைப் தாங்குவது 10 பார், அதாவது 100 மீட்டர் இறக்கம். பின்னாளில் இன்னும் கீழே நாலாவது பிளாக் கட்டினால் அந்த எல்லையைத் தொட்டுவிடுவீர்கள், வால்வைச் சட்டென்று மூடும்போது ஓடிவரும் தண்ணீர் கொடுக்கும் அடி அதற்கு மேல். நடுவில் அழுத்தம் குறைக்கும் வால்வோ இடைத் தாங்கியோ வையுங்கள். சரிவில் புதைத்த மூட்டு ஒன்று யாருக்கும் தெரியாமல் மாதக்கணக்கில் கசிந்தால் மண் ஊறி இளகிவிடும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் மண்சரிவு அறிக்கை வாங்கும்போதே தாங்கியும் பைப்பும் எங்கே வருகின்றன என்று சேர்த்துக் காட்டுங்கள். 45,000 லீட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 45 தொன், அதைச் சரிவின் விளிம்பில் வைத்துவிட்டுப் பிறகு யோசிக்க முடியாது. வெளியே தெரியும் பகுதிக்குப் பிவிசி வேண்டாம், சூட்டில் இளகிவிடும், இரும்புப் பைப் போடுங்கள்.

நுவரெலியா: நிலத்தடித் தாங்கியிலிருந்து பம்ப் 6 மீட்டர் மேலே இருக்கிறது. இதே பம்ப் குருநாகலில் நன்றாக இழுக்கிறது, இங்கே மறுக்கிறது. பம்ப் பழுதா?

பழுதாக இருக்காது, உயரம்தான் காரணம். பம்ப் தண்ணீரை இழுப்பதில்லை, காற்றழுத்தம்தான் கீழேயிருந்து தள்ளிவிடுகிறது. கடல் மட்டத்தில் அந்த அழுத்தம் கணக்குப்படி 10.3 மீட்டர் வரை தண்ணீரை ஏற்றும். நுவரெலியா இருக்கிற 1,868 மீட்டரில் அது 8.2 மீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். பைப்பின் உராய்வுக்கும் பம்புக்கே தேவையான அழுத்தத்துக்கும் கழித்தால் உங்கள் 6 மீட்டருக்கு மிச்சமில்லை. ஃபுட் வால்வை (இழுக்கும் பைப்பின் அடி நுனியில் இருக்கும் வால்வு) ஒருமுறை பார்த்துவிடுங்கள், ஆனால் நிலையான தீர்வு பம்பைத் தாங்கியின் நீர்மட்டத்துக்குக் கீழே இறக்குவது. அப்போது பம்ப் வாயில் எப்போதும் தண்ணீர் நிற்கும். அப்புறம், டர்போ இல்லாத டீசல் எஞ்சின் என்றால் அந்த உயரத்தில் பலம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். விலைப்பட்டியல் வாங்கும்போதே இடத்தின் உயரத்தைச் சொல்லிவிடுங்கள்.

கம்பளை: வீட்டுத் தண்ணீரும் தீயணைப்புத் தண்ணீரும் ஒரே தாங்கியில் இருக்கலாமா?

இருக்கலாம், தண்ணீர் தேங்காமல் மாறிக்கொண்டும் இருக்கும். தீயணைப்பு வாய் அடியிலும் பாவனைக்கான வாய் ஒதுக்கிய மட்டத்துக்கு மேலும் இருக்க வேண்டும். மேல் வாயிலிருந்து உள்ளே எல்போ போட்டு அடிவரை பைப் இறக்கியிருக்கிறார்களா என்று தாங்கிக்குள் எட்டிப் பாருங்கள். அப்படியென்றால் வீட்டுப் பாவனையே அடிவரை தண்ணீரை எடுத்துவிடும், ஒதுக்கீடு காகிதத்தில் மட்டும்தான். வறட்சியில் "கொஞ்சம் கீழே ஒரு ஓட்டை போடுங்கள்" என்று பிளம்பரிடம் சொல்லாத ஹோட்டலை நான் அதிகம் பார்த்ததில்லை!

கொட்டகலை: ஹைட்ரன்டிலிருந்து தோட்டத்துக்குத் தண்ணீர் விடலாமா?

கூடாது.

மஸ்கெலியா: தோட்டத்தில் 7 பேர்ச் காணிகளில் புது வீடுகள் கட்டுகிறோம். ஊற்றுத் தண்ணீர்தான். தீயணைப்பு வண்டி வீட்டு வாசலுக்கு ஏறாது. ஹைட்ரன்ட் கேட்பதில் பிரயோசனம் உண்டா ஐயா?

உண்டு தங்கச்சி, ஆனால் வீட்டு வாசலில் கேட்காதீர்கள், வண்டி கடைசியாக நிற்கக்கூடிய வளைவில் கேளுங்கள். லயனில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) ஒரு அறையில் பிடித்த தீ ஒரே கூரை வழியாக வரிசை முழுக்க ஓடியதை நம் ஆட்கள் பல தடவை பார்த்தாகிவிட்டது. தனி வீட்டில் அந்த ஆபத்து குறைவு, ஆனால் டவுனிலிருந்து வண்டி வந்து சேரும் நேரம் குறையவில்லை. ஊற்றுத் தாங்கியிலிருந்து வீடுகளுக்கு மெல்லிய பைப் இறக்கும்போதே, ரோட்டோரம் ஒரு சேமிப்புத் தாங்கியும் அதில் 65 மில்லிமீட்டர் வாயும் வைத்துவிடுங்கள். அந்த வாயின் கப்ளிங் உங்கள் ஊருக்கு வரும் வண்டியின் ஹோஸுக்குப் பொருந்துகிறதா என்று தீயணைப்புப் பிரிவை அழைத்து மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வரிசைக்கு ஒரு ஹோஸ் ரீலும் வேண்டும், வண்டி வரும்வரை அதுதான் கை கொடுக்கும். 110-க்கு அழைக்கும்போது தோட்டத்தின் பெயரோடு டிவிஷன் பெயரையும், எந்த வளைவில் தாங்கி இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். அந்த வளைவில் ஆட்டோ நிறுத்தாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.