ஏ7 மார்க் 4 வாங்கலாமா?

கேள்வி: ஐந்து ஆண்டுகளாகச் சோனி ஏ7 மார்க் 3 கேமராவில் திருமண வீடியோ எடுத்து வருகிறேன். ஸ்லோமோஷன் காட்சிகளை 4கே தரத்தில் எடுக்க ஏ7 மார்க் 4-க்கு மாறும்படி நண்பர்கள் சொல்கிறார்கள். புகைப்படம் எடுக்காத எனக்கு இந்தச் செலவு தகுமா?
- வாசகர், மதுரை

பதில்: தகும்; ஆனால் உங்கள் நண்பர்கள் சொல்லும் காரணத்துக்காக அல்ல. மார்க் 3-இல் 4கே பதிவு நொடிக்கு 30 ஃபிரேம்களோடு நின்றுவிடுகிறது என்பதும், 2021 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட மார்க் 4 அதை, ஸ்லோமோஷனுக்கு உதவும் 60 ஆக உயர்த்தியது என்பதும் உண்மையே. ஆயினும் அந்த 60 ஃபிரேம்களைச் ஒளியைப் பதிவு செய்யும் சென்சாரின் நடுப்பகுதியில், சூப்பர் 35 எனப்படும் சிறிய அளவில் மட்டுமே எடுக்க முடியும் என்பதால், உங்கள் 24 மி.மீ. லென்ஸ் அப்போது 36 மி.மீ. லென்ஸைப் போலக் காட்சியைக் குறுக்கிவிடும். பின்னால் நகர இடமில்லாத மணமேடையில் இது பெரிய இடைஞ்சல்.

உண்மையான ஆதாயம் நிறத்தில் இருக்கிறது. மார்க் 3 பதிவு செய்யும் 8 பிட் வீடியோவில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிநிலைகள்தாம். மார்க் 4 தரும் 10 பிட்டில் அவை 1024. பின்னர் நிறம் திருத்துவதற்கென மங்கலாகப் பதியும் எஸ்-லாக் முறையில் எடுத்த காட்சியைக் கணினியில் கலர் கிரேடிங் (நிறத் திருத்தம்) செய்யும்போது அந்தி வானத்திலும், ஒரே நிற விளக்கொளி படர்ந்த மேடைத் திரையிலும் பட்டை பட்டையாகக் கோடுகள் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். படிநிலைகள் போதாமல் போவதே அதற்குக் காரணம். லாக் பக்கமே போகாமல், கேமரா தரும் நிறத்தை அப்படியே கொடுப்பவராக இருந்தால், இந்த ஆதாயத்தில் பெரும்பகுதி உங்களுக்குக் கிடைக்காது.

வீடியோ எடுக்கும்போதே கண்ணைத் தொடரும் ஃபோகஸும், பக்கவாட்டில் திறந்து திரும்பும் திரையும் தனியாளாக வேலை செய்பவருக்கு நல்ல துணை. முகூர்த்தத்தின் நடுவில் 29 நிமிடங்களில் பதிவு தானாக நின்றுவிடும் பழைய கட்டுப்பாடும் மார்க் 4-இல் இல்லை. எனக்கு இதுவே மற்ற இரண்டையும்விட முக்கியமாகப் படுகிறது. பேட்டரி மாறவில்லை.

முழுச் சென்சாரில் 4கே எடுத்தபடி கேமராவை வேகமாகத் திருப்பினால் மண்டபத் தூண்கள் சாய்ந்து தெரியும் ரோலிங் ஷட்டர் குறை புதிய கேமராவிலும் தீரவில்லை. கோப்புகளின் அளவும் கூடுகிறது: மார்க் 3-இன் உச்ச வேகமான 100 எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு 100 மெகாபிட்) ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும் என்றால், மார்க் 4-இல் 140 எம்பிபிஎஸ்ஸில் பதிவாகும் 10 பிட் 4கே-க்கு 63 ஜிபி வேண்டும். பழைய கணினியில் இவை திணறும் என்பதால், பிராக்ஸி எனும் எடை குறைந்த நகல் கோப்புகளைத் தயாரித்து எடிட் செய்யவோ கணினியையே மாற்றவோ நேரிடலாம். ஆகவே, வாங்குவதற்கு முன் ஒரே ஒரு திருமணத்துக்கு மார்க் 4-ஐ வாடகைக்கு எடுத்து, அதன் எஸ்-லாக் கோப்புகளை உங்கள் கணினியிலேயே எடிட் செய்து பாருங்கள்.