கொப்புளத்தின் மேல் இன்னொரு கோட் வேண்டாம்

கேள்வி: அன்புள்ள ஐயா, அப்பா ஓட்டிய 1972 வெஸ்பா ஸ்பிரிண்ட் ஸ்கூட்டரைச் சரிசெய்து, பழைய வெளிர்நீலத்திலேயே பெயிண்ட் அடிக்க ஒரு பட்டறையில் விட்டேன். 2,800 சிங்கப்பூர் வெள்ளி ஆனது. வீட்டுக்கு வந்த நாளில் பளபளவென்றுதான் இருந்தது. நான்கு மாதம் முடிவதற்குள் லெக் ஷீல்டின் (காலை மறைக்கும் முன்தகட்டின்) அடிப்பகுதியிலும் கால் வைக்கும் தளத்திலும் சின்னச் சின்னக் கொப்புளங்கள். இடதுபக்க மூடியில் நகம் பட்ட இடத்தில் பெயிண்ட் தோலாக உரிகிறது. கேட்டால், "வெயிலில் நிறுத்தினால் இப்படித்தான். 400 வெள்ளி கொடுங்கள், தேய்த்துவிட்டு மேலே ஒரு கோட் அடித்துத் தருகிறேன்" என்கிறார். கொடுக்கலாமா?
வாசகர், ஈசூன்

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி. காசுக்காக மட்டும் சொல்லவில்லை. மேலே ஒரு கோட் அடித்தால் கீழே என்ன நடந்தது என்பது மறைந்துவிடும். ஆறு மாதத்தில் அதே இடத்தில் மறுபடி கொப்புளம் வரும், அப்போது உங்கள் கையில் ஆதாரம் எதுவும் இருக்காது.

பாயா லேபார் பக்கம் ஒரு பட்டறையில் என் வேலைக்காலம் முழுக்க ஸ்ப்ரே கன் பிடித்தவன் நான். வெயிலைக் காரணம் சொல்வதை ஏற்கவே மாட்டேன். ஹார்டனர் என்னும் கெட்டியாக்கி கலந்து அடிக்கும் டூ-கே பெயிண்ட்டை, ஸ்ப்ரே பூத் என்னும் மூடிய அறையில் ஏறக்குறைய 60 டிகிரி சூட்டில் அரைமணி நேரம் வைத்துத்தான் காய வைப்போம். அந்தச் சூட்டைத் தாங்கும் பெயிண்ட், வீவக (அரசு வீடமைப்பு) கார்நிறுத்துமிடத்து வெயிலுக்கு நான்கே மாதத்தில் எழும்பாது. ஏற்கெனவே உள்ளே அகப்பட்டிருக்கும் ஈரத்தை வெயில் விரிய வைக்கும், அவ்வளவுதான்.

அந்த ஈரம் எப்படி உள்ளே போகிறது? நம் ஊரில் அதற்கு வழிகள் அதிகம். விடிகாலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். பள்ளத்தை நிரப்பப் போடும் பட்டி ஈரத்தை உறிஞ்சும். பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துவிட்டு, சரியாக உலர விடாமல், நிறத்துக்கு முன் அடிக்கும் அடிக்கோட்டான பிரைமரை அடித்தால் அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும். தேய்த்த தகட்டை வியர்வைக் கையால் தொட்டாலும் ஆபத்துதான். உப்பு ஒட்டிக்கொண்டு, பெயிண்டின் ஊடாக மெல்ல மெல்ல ஈரத்தை இழுக்கும். இதெல்லாம் அவசரத்தால் வரும் கோளாறு. நல்ல பட்டறையில் பட்டியைக் காய்ந்த தாளில்தான் தேய்ப்பார்கள், கையுறை இல்லாமல் தகட்டைத் தொட மாட்டார்கள்.

உங்கள் வண்டியில் கொப்புளம் எங்கே வந்திருக்கிறது என்று பாருங்கள். வெஸ்பாவுக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடல் தகடுதான் சட்டகம். தளத்தின் மேல் ரப்பர் பதித்த அலுமினியப் பட்டைகள் ஓடும். அவற்றின் அடியில் மழைத்தண்ணீர் தங்கும், பழைய வண்டிகளில் துரு அங்கேதான் பிடிக்கும். பட்டைகளைக் கழற்றாமல் டேப் ஒட்டி மறைத்து அடித்திருந்தால், அடியில் இருந்த துரு அப்படியே இருக்கும். பட்டையின் ஓரத்தை உற்றுப் பாருங்கள். பெயிண்ட் பட்டையின் அடிக்குள் போகாமல் ஒரு கோடாக நின்றால் கழற்றவில்லை என்று அர்த்தம். அது பெயிண்ட் கோளாறு என்பதைவிட, செய்யாமல் விட்ட வேலை.

இப்போது ஒரு மெல்லிய ஊசி எடுங்கள். முதலில் எல்லா இடத்தையும் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ரூலர் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரே ஒரு கொப்புளத்தை மட்டும் குத்துங்கள், அதையும் வீடியோ எடுங்கள். தெளிந்த நீர் வந்தால் உள்ளே ஈரம் அடைபட்டிருக்கிறது. பழுப்பு நீர் வந்தால் துருவை எடுக்காமல் அடித்திருக்கிறார்கள். தின்னர் ஆவி வெளியேற முடியாமல் வரும் கொப்புளம் வேறு வகை. அது அடித்த சில நாளிலேயே ஊசித்துளைகளாகத் தெரிந்துவிடும், நான்கு மாதம் காத்திருக்காது.

உரிகிற மூடியில் பார்க்க வேண்டியது, எந்த அடுக்கிலிருந்து உரிகிறது என்பதுதான். வெறும் தகடு பளிச்சென்று தெரிந்தால் பிரைமர் ஒட்டவில்லை: எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைக்கவில்லை, அல்லது தகட்டைத் தேய்க்கவில்லை. பிரைமர் தங்கி மேல் நிறம் மட்டும் வந்தால், பிரைமரை நாள்கணக்கில் விட்டுவிட்டு, மறுபடி தேய்க்காமல் நிறம் அடித்திருக்கிறார்கள். ஒரு சிறிய காந்தத்தைத் துணியில் சுற்றி உடம்பெல்லாம் நகர்த்துங்கள். பிடிக்காத இடத்தில் பட்டி கனமாக இருக்கிறது.

இவ்வளவும் கையில் இருந்தால் நீங்கள் "பெயிண்ட் நல்லா இல்லை" என்று புலம்பப் போவதில்லை, "தளப்பட்டையைக் கழற்றாமல் அடித்திருக்கிறீர்கள்" என்று நேராகச் சொல்லப் போகிறீர்கள். பேச்சே மாறிவிடும்.

அதே பட்டறைக்கு எழுத்தில் கொடுங்கள், வாட்ஸ்அப் போதும். சரிசெய்ய நியாயமான வாய்ப்பை முதலில் அவர்களுக்குத்தான் தர வேண்டும். அதற்கு முன் வேறு இடத்தில் சுரண்டிவிட்டால், இவர்கள் பழியை அந்த இடத்தின் மேல் போட்டுவிடுவார்கள். கேட்க வேண்டியது: தளம், லெக் ஷீல்டு, இடது மூடி மூன்றையும் தகடு வரை உரிப்பது, துரு எடுப்பது, வெறும் தகட்டில் அன்றைக்கே எப்பாக்சி பிரைமர், ஒவ்வொரு கட்டத்திலும் படம். கூடுதல் காசு இல்லாமல், முடிக்கும் தேதியோடு. மணல் வீசித் துரு எடுப்பதாகச் சொன்னால் அழுத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், அந்த மெல்லிய தகடு நெளிந்துவிடும். பக்க மூடி மட்டும் தனியாக அடிக்கும்போது நிறம் ஒத்துப்போகிறதா என்பதைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து ஒப்புக்கொண்டபின்தான் வண்டியை எடுங்கள்.

மறுத்தால் இன்னொரு பட்டறையில் கோளாறின் காரணத்தையும் சரிசெய்யும் செலவையும் எழுதி வாங்குங்கள். சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம் (CASE) பேசிப் பார்க்க உதவும். அதற்கும் மசியவில்லை என்றால் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை அங்கே கோரலாம், இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும். வழக்கறிஞரை வைக்க முடியாது, அதனால் எதிர்த்தரப்பிலும் வக்கீல் வந்து நிற்க மாட்டார். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டும் பதிவுக் கட்டணம் 10 வெள்ளிதான். பலர், கோளாறான பொருளுக்குத் தீர்வு தரும் லெமன் சட்டத்தைச் சொல்வார்கள். அது வாங்கிய பொருளுக்கு. நீங்கள் உங்கள் வண்டியை வேலைக்குக் கொடுத்தீர்கள், ஆகவே இது சேவைக்கான ஒப்பந்தம். ரசீதில் என்ன வேலை எழுதியிருக்கிறது என்பதுதான் உங்கள் பலம், அதை முதலில் தேடி எடுங்கள்.

கேள்வி: ஐயா, என் பழைய லாம்ப்ரெட்டா ஸ்கூட்டரின் புதுப் பெயிண்ட் ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பாக இருக்கிறது. டூ-கே ஸ்ப்ரே டின் வாங்கி அடுக்குமாடி புளோக் கீழே நானே அடித்துவிடலாமா?
வாசகர், பூன் லே

பதில்: அடிக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தச் சொரசொரப்பு பெரும்பாலும் நிறத்துக்கு மேல் அடிக்கும் கண்ணாடி போன்ற கோட்டான கிளியரில்தான். பெயிண்ட் முழுக்கக் காய்ந்தபின், கிளியர் போதிய கனம் இருந்தால், 1500, 2000, 3000 தாள்களில் ஈரத்தேய்ப்பு செய்து பாலிஷ் போட்டால் சமமாகிவிடும். விளிம்புகளில் கை வைக்காதீர்கள், அங்கே கிளியர் மெல்லியது, சீக்கிரம் நிறம் வரை தேய்ந்துவிடும். டூ-கே டின்னை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஒருமுறை நுரையீரலுக்கு ஒவ்வாமல் போனால் பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு இறுகும். நாங்கள் வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகக்கவசம் போட்டு, பூத்துக்குள் அடிப்போம். புளோக் கீழே குழந்தைகள் ஓடியாடும் இடம் அது.