பெயர்ப்பட்டியலுக்குப் பின்னால்

வணக்கம் சார்,

'இன்வின்சிபிள்' அனிமேஷன் தொடரின் முதல் எபிசோடைப் போன வாரம்தான் பார்த்தேன். முக்கால்வாசி வரைக்கும் வழக்கமான சூப்பர் ஹீரோ கார்ட்டூன் மாதிரிதான் போனது. பெயர்ப்பட்டியல் ஓட ஆரம்பித்த பிறகு வருகிறதே அந்தக் காட்சி, ஆடிப்போய்விட்டேன். தூக்கம் வரவில்லை. ராத்திரி இரண்டு மணி வரை மற்றவர்களின் ரியாக்‌ஷன் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன், எல்லோரும் ஒரே இடத்தில்தான் அலறுகிறார்கள். மறுநாள் யோசித்தபோது கோபம்தான் வந்தது. ஆசை காட்டிக் கூப்பிட்டு அறைந்த மாதிரி இருக்கிறது. ட்விஸ்ட் என்ற பெயரில் பார்க்கிறவர்களை இப்படி ஏமாற்றலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கதாநாயகன் மார்க்கின் அப்பா நோலன், அதாவது ஆம்னி-மேன் என்ற சூப்பர் ஹீரோ, தன் சக வீரர்களைக் கொல்வதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத முடியாது. (சொல்லிவிட்டேன்.)

அறைந்த மாதிரி இருந்தது என்கிறீர்கள். சரி, அறைதான். ஆனால் ஏமாற்றினார்கள் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அதே எபிசோடை முதலிலிருந்து இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். வெள்ளை மாளிகைக் காவலர் ஒருவர் வீட்டில் இருக்கும் பையனைப் பற்றிப் புலம்புவதில்தான் கதையே ஆரம்பிக்கிறது, சண்டையெல்லாம் அதற்கப்புறம்தான். மார்க்குக்குச் சக்தி வந்த பிறகு அப்பா நோலன் பயிற்சி கொடுக்கிற இடம் ஞாபகம் இருக்கிறதா? சொல்லிக்கொடுக்கிற சாக்கில் பையனை ஓங்கிக் குத்துகிறார், அவ்வளவு பலமாகக் குத்தத் தேவையே இல்லை. அந்த நேரத்தில் மார்க்கின் முகத்தில் வலியைவிட, அப்பாவா இப்படி என்ற குழப்பம்தான் அதிகம். முதல் முறை நான் அதைக் கண்டிப்பான அப்பா என்று கடந்து போய்விட்டேன், இரண்டாம் முறை அந்த இடம் வந்ததும் எழுந்து உட்கார்ந்தேன். எல்லாம் நம் கண் முன்னால்தான் இருந்தது, நாம்தான் வேறு ஏதோ என்று நினைத்துக்கொண்டோம். அப்புறம், வயது வந்தவர்களுக்கான தொடர் என்று அறிவித்துவிட்டுத்தான் வெளியிட்டார்கள், பலரைப் போல நீங்களும் அதைக் கவனித்திருக்க மாட்டீர்கள்.

உங்கள் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது என்று நான் நினைப்பது வேறு இடத்தில். இதன் மூலமான காமிக்ஸ் 2003-இல் தொடங்கியது, இந்தக் கொலைகள் அதில் 7-ஆம் இதழில்தான் வரும். அதாவது ஆறு இதழ்கள் நோலனை நல்ல அப்பாவாகவே பார்த்துப் பழகிய வாசகனுக்கு விழுந்த அடி அது. தொடரில் அந்தப் பழக்கம் ஒரு மணி நேரம்கூட இல்லை. செத்துப்போகிற ஏழு பேரும் அப்படித்தான். அவர்களில் ஒருவரான ரெட் ரஷ் தன் காதலியோடு இருக்கும்போது அழைப்பு வருகிறது, கிளம்பிப் போகிறார், அடுத்து நாம் பார்ப்பது அவர் தலை நசுங்குவதை. மற்றவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு நேரம்தான். இவர்களை நினைத்து யாரும் அழுததாகத் தெரியவில்லை, ரத்தத்தைப் பார்த்துத்தான் கத்தினார்கள். கேமராவும் அந்த ரத்தத்திலேயே கொஞ்சம் அதிகமாகத் தங்கிவிட்டது. ரியாக்‌ஷன் வீடியோக்களில் எல்லோரும் ஒரே இடத்தில் அலறுவதற்குக் காரணம் அதுதான்.

ஆனால் அந்த அலறலோடு வீடியோவை மூடிவிடாதீர்கள். அது அடங்கின பிறகு ஒரு பத்து விநாடி அமைதி வரும், அதைப் பாருங்கள். காமிக்ஸ் படித்தவர்கள் இதில் தனி ரகம். யார் செய்யப் போகிறார் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும், இவ்வளவு சீக்கிரம் வரும் என்பதுதான் தெரியாது. அவர்களில் சிலர் இரண்டாம் முறை படத்தைப் பார்க்கவே இல்லை, ஒன்றும் தெரியாத நண்பரைக் கூட்டிவந்து உட்காரவைத்து அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் ராத்திரி இரண்டு மணி வரை செய்ததும் அதுதானே?

எனக்கு இந்த ட்விஸ்ட் பிடித்ததற்குக் காரணம் அதிர்ச்சி கிடையாது. ரகசியத்தைக் கடைசி வரை பொத்தி வைக்காமல் முதல் எபிசோடிலேயே தூக்கி நம் கையில் கொடுத்துவிட்டார்கள். 2021 மார்ச் 26 அன்று மூன்று எபிசோடுகளை ஒன்றாக வெளியிட்டார்கள், அதனால் அலறியவர்கள் அதே சூட்டில் இரண்டாவதுக்குப் போக முடிந்தது. அங்கே நோலன் நினைவில்லாமல் படுத்திருக்கிறார், மனைவி டெபி பக்கத்தில் தவித்துக்கொண்டிருக்கிறார், யாரோ கணவரைத் தாக்கிவிட்டார்கள் என்றே நம்புகிறார். நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அதற்கப்புறம் அந்த வீட்டில் நடக்கும் ஒவ்வொரு சாதாரணப் பேச்சையும் நாம் ஒரு மாதிரி பயந்துகொண்டேதான் கேட்கிறோம்.

என் நண்பர் ஒருவர் பெயர்ப்பட்டியல் வந்ததும் அணைத்துவிட்டு, "நல்லா இருக்கு, பசங்களோட சேர்ந்து பார்க்கலாம்" என்று செய்தி அனுப்பினார். பதறிப்போய், பசங்களைக் கூப்பிடுவதற்கு முன்னால் மிச்சத்தையும் தனியாகப் பார்த்துவிடுங்கள் என்று பதில் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து "ஏன்?" என்று ஒரு சொல் மட்டும் வந்தது. நான் சொன்னதற்குக் கேட்கிறாரா, இல்லை பார்த்துவிட்டுத்தான் கேட்கிறாரா என்று ஒரு நிமிடம் புரியவில்லை. பார்த்துவிட்டுத்தான்.

அதற்குப் பதில் முதல் சீசனின் கடைசி எபிசோடான எட்டாவதில் இருக்கிறது. நீங்கள் முதலாவதோடு நின்றுவிட்டதாகத் தெரிவதால் நான் சொல்லப்போவதில்லை. அதையும் பார்த்துவிட்டு, அப்போதும் இதே கோபம் இருந்தால் எழுதுங்கள்.